மழைக்காலத் தவணையை யார் கட்டுவது? ஜூஸ் வண்டிக்கு ஒரு வருடக் கணக்கு

கேள்வி: திண்டுக்கல்லில் வசிக்கிறேன். வயது 34. கணவர் நூல் மில்லில் சூப்பர்வைசர், சம்பளம் 19,000 ரூபாய். இரண்டு பிள்ளைகள். சீட்டு எடுத்த பணமும் சேமிப்புமாகக் கையில் நாலரை லட்சம் இருக்கிறது. 12 பவுன் நகையும் உண்டு. புதுசாக ஒரு குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) வாங்கி, பின்பக்கத்தை ஜூஸ் கடையாகக் கட்டி, நம்ம பக்கத்துப் பழங்களை மட்டும் அந்தந்த சீசனில் ஜூஸ், ஸ்மூத்தி போட்டு விற்க ஆசை. நத்தம் மாம்பழம், ஆயக்குடி கொய்யா, சிறுமலை வாழை, கம்பம் பன்னீர் திராட்சை, கொடைக்கானல் பேரிக்காய் என்று பட்டியலும் தயார். மொத்தச் செலவு 9.5 லட்சம். கையிலிருந்து 3.5 லட்சம் போட்டு, 6 லட்சம் கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன். 12 சதவீத வட்டி, ஐந்து வருடம். கிளாஸ் 50 ரூபாய். மாம்பழம் கிலோ 40, ஒரு கிளாஸுக்கு 200 கிராம் என்றால் பழத்துக்கு 8 ரூபாய், மற்றதுக்கு 7 ரூபாய். ஆக 35 ரூபாய் நிற்கும். ஒரு நாளைக்கு 120 கிளாஸ் போனால் மாதம் 1,26,000. கடனை இரண்டே வருடத்தில் அடைத்துவிடலாம் அல்லவா? நகையை விற்றுக் கடனைக் குறைக்கலாமா? தொழில் பிடித்துக்கொண்டால் கணவரும் வேலையை விட்டுவிட்டு வரத் தயார்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: சகோதரி, உங்கள் பட்டியலைப் படித்ததுமே தாகம் எடுத்தது. எந்தப் பழம் எந்த ஊரில் நன்றாக இருக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறீர்கள். இந்தத் தொழிலுக்கு அது பெரிய பலம். கணக்கில்தான் இரண்டு இடங்களில் கால் இடறுகிறது: மாம்பழத்தின் எடையில் ஒன்று, ஒரு மாதக் கணக்கையே எல்லா மாதத்துக்கும் போட்டதில் இன்னொன்று.

முதலில் மாம்பழம். நீங்கள் போட்டிருப்பது முழுப் பழத்தின் விலை. கிளாஸில் விழுவது சதை மட்டும். மண்டியில் 20 கிலோ டிரே ஒன்றை 800 ரூபாய்க்கு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அடியில் நசுங்கியது, காம்பு ஓரம் கறுத்தது, பழுக்காமலே வெம்பிப்போனது என்று 2 கிலோ கழித்தாக வேண்டும். மீதி 18 கிலோவில் தோலும் கொட்டையும் நீங்கினால் பத்தரை கிலோ சதை தேறும். 800-ஐ பத்தரையால் வகுத்தால் கிலோ 76 ரூபாய். 200 கிராமுக்கு 15 ரூபாய் ஆகிறது. நீங்கள் போட்ட 8 ரூபாய் இங்கேயே ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. பால், சர்க்கரை, ஐஸுக்கு 8, கப்புக்கும் ஸ்ட்ராவுக்கும் 4 என்று சேர்த்தால் மொத்தம் 27. கிளாஸுக்கு நிற்பது 23 ரூபாய், 35 அல்ல. (பிளாஸ்டிக் கப், ஸ்ட்ரா எல்லாம் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. அங்கேயே நின்று குடிப்பவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ் கொடுத்தால் அந்த 4 ரூபாயில் பாதி மிச்சம், ஆனால் கழுவத் தண்ணீர் வேண்டும்.)

ஒவ்வொரு பழத்துக்கும் இப்படி ஒரு முறை தராசில் நிறுத்துப் பாருங்கள். தர்பூசணியில் தோலே ஏகத்துக்கும் போகும். திராட்சையில் கழிவு குறைவு, பாலும் வேண்டாம். மாம்பழத்திலும் செந்தூரத்தை மட்டுமே அரைக்காமல், சதை கூடுதலாகவும் விலை குறைவாகவும் உள்ள கல்லாமையைப் பாதி சேர்த்தால் செலவு இறங்கும், மணமும் கெடாது. சிறுமலைப் பழத்தை மிக்ஸியில் போடுவதற்கு மட்டும் எனக்கு மனசே வரவில்லை. அது உரித்துச் சாப்பிட வேண்டிய பழம், அதன் விலைக்கு 50 ரூபாய் கிளாஸும் கட்டாது. ஸ்மூத்திக்குப் பூவன் போதும்.

அப்புறம் அந்த 120 கிளாஸ். பங்குனி, சித்திரை வெயிலில் அது நடக்கும். ஐப்பசி மழையில் நடக்காது. வங்கித் தவணைக்கோ ஐப்பசியும் ஒன்றுதான், சித்திரையும் ஒன்றுதான். அதனால் உங்கள் தொழிலை நான் மாதக் கணக்கில் பார்க்கவே மாட்டேன், வருடக் கணக்கில்தான் பார்ப்பேன்.

என் ஊகத்தில் ஒரு வருடத்தை இப்படிப் பிரிக்கிறேன். மார்ச் முதல் மே வரை மாதம் 26 நாள், நாளுக்கு 120 கிளாஸ்: 9,360. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் 25 நாள், நாளுக்கு 70: 7,000. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மாதம் 18 நாள் வண்டி வெளியே வந்தாலே அதிகம். நாளுக்கு 30 என்றால் 1,620. ஜனவரி, பிப்ரவரியில் மாதம் 25 நாள், நாளுக்கு 50: 2,500. ஆக மொத்தம் 20,480 கிளாஸ். கிளாஸுக்கு 23 வீதம் 4,71,040 ரூபாய்.

இனி செலவு. உதவியாளுக்கு 12,000, டீசலும் மின்சாரமும் 4,500, இடம், தண்ணீர், சுத்தம் 2,500, ரிப்பேரும் இன்சூரன்ஸும் 3,000. மாதம் 22,000, வருடத்துக்கு 2,64,000. நீங்கள் சொன்ன கடனுக்கு மாதத் தவணை 13,347. அது வருடத்துக்கு 1,60,164. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 46,876. மாதத்துக்கு 4,000 கூட வராது. காலையில் மண்டி, பகல் முழுக்க வண்டி, ராத்திரி கழுவித் துடைப்பது என்று ஒரு வருடம் உழைத்ததற்கு இதுதான் கூலி.

அதைவிட என்னை யோசிக்க வைப்பது மழை மூன்று மாதம். அந்த 1,620 கிளாஸில் வருவது 37,260. அதே மூன்று மாதத்தில் செலவும் தவணையுமாகப் போவது 1,06,041. கிட்டத்தட்ட 69,000 ரூபாய் துண்டு விழும். கோடையில் சம்பாதித்ததைத் தொடாமல் எடுத்து வைத்திருந்தால் சமாளிக்கலாம். ஆனால் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், ஆடியில் ஒரு விசேஷம் வரும், பிறகு தீபாவளி. நவம்பரில் அந்தப் பணம் இருக்காது. தவணை தவறுவதென்றால் கார்த்திகையில்தான் தவறும்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டியைச் சின்னதாக்குங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய குட்டியானையை, தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பார்த்து வாங்கி, பின்கட்டு, பிரிட்ஜ், மிக்ஸி, பேட்டரி எல்லாம் சேர்த்து 5 லட்சத்துக்குள் முடியுங்கள். உங்கள் பணம் 2 லட்சம், கடன் 3 லட்சம், நான்கு வருடம். இதே வட்டிக்குத் தவணை 7,900. பழைய வண்டி என்பதால் ரிப்பேருக்கு மாதம் 4,000 ஒதுக்குங்கள். உதவியாள் மார்ச் முதல் செப்டம்பர் வரை ஏழு மாதம் மட்டும் போதும். இப்போது வருடச் செலவு தவணையோடு சேர்த்து 3,10,800. அதே 20,480 கிளாஸில் மிஞ்சுவது 1,60,240, மாதம் 13,000-க்குச் சற்று மேலே. கையில் மிச்சமாகும் இரண்டரை லட்சத்தில் 50,000 பழம் வாங்கவும் சில்லறைச் செலவுக்கும். மீதி 2 லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

கோடையில் தினமும் ராத்திரி கல்லாவை எண்ணும்போதே 600 ரூபாயை எடுத்து அந்தத் தனிக் கணக்கில் போடும் பழக்கம் வேண்டும். மார்ச் முதல் மே வரை 78 நாள் போட்டால் 46,800. மழை மூன்று மாதத் தவணை 23,700 போக, மற்ற செலவுக்கும் கொஞ்சம் கைகொடுக்கும்.

'நம்ம ஊர்ப் பழம் மட்டும்' என்ற விரதத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்பது என் அபிப்பிராயம். போர்டில் அது பெரிதாக இருக்கட்டும், அடுத்த ஜூஸ் கடையிலிருந்து உங்களைப் பிரித்துக் காட்டுவதே அதுதான். மாதத்துக்கு இரண்டு மூன்று சீசன் பழம் வையுங்கள். அதோடு வருடம் முழுக்கக் கிடைக்கும் ஒன்று வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் அறுவடை நடப்பதால் பன்னீர் திராட்சை அதற்குத் தோதான பழம். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது, போர்டில் எழுதிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி பக்கம் வண்டி நிறுத்தினால் சாத்துக்குடி கேட்பார்கள். அது வெளியிலிருந்து வருகிறதே என்று திருப்பி அனுப்பாதீர்கள். மழைக்காலத்தில் அடுப்பு ஒன்றை ஏற்றிவிடுங்கள். சுக்கு மல்லிக் காபி, முருங்கைக்கீரை சூப், வாழைத்தண்டு சூப் மூன்றும் போதும். என் கணக்கில் இந்த வருமானத்தைச் சேர்க்கவில்லை. வந்தால் லாபம்.

கடன் எங்கே வாங்குவது? சிறுதொழில்களுக்கான மத்திய அரசுக் கடன் திட்டமான முத்ராவில், 5 லட்சம் வரை 'கிஷோர்' பிரிவில் அடமானம் இல்லாமல் கேட்கலாம். மாவட்டத் தொழில் மையத்திலும் விசாரியுங்கள், ஆனால் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் போங்கள். மானியக் கடன்கள் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். வாங்கிவிட்டுப் போனால் கதவு மூடிவிடும். பழைய வண்டிக்கு மானியம் பெரும்பாலும் ஒத்துவராது. 'மானியம் வருதே, புது வண்டியே எடுத்துடலாம்' என்று யாராவது சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். மானியத் தொகை பொதுவாக உங்கள் கையில் வராது. வங்கியில் தனியாகக் கிடந்து, சில வருடம் தொழில் நடந்த பிறகுதான் கடனில் கழியும். முதல் மழைக்காலத்துக்கு அது உதவாது.

நகையை விற்காதீர்கள். வண்டிக்காக அடகு வைக்கவும் வேண்டாம். மாம்பழ சீசன் தொடக்கத்தில் மொத்தமாகப் பழம் எடுக்கப் பணம் போதவில்லை என்றால் மட்டும், இரண்டு மூன்று பவுனை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து, ஜூன் முடிவதற்குள் மீட்டுவிடுங்கள். சீசன் கடனை அந்த சீசன் பணத்திலேயே அடைக்க வேண்டும்.

காகித வேலை கொஞ்சம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவை ஆன்லைனில் முடிக்கலாம், கட்டணம் சொற்பம். ஐஸுக்கு மீன் ஐஸ் பார் பக்கம் போகவே கூடாது, குடிநீரில் செய்த ஐஸ்தான். ஓரிடத்தில் நிறுத்தி விற்க மாநகராட்சியில் தெரு வியாபாரிகள் சான்றிதழ் பற்றிக் கேளுங்கள், 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஜிஎஸ்டி பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம், உங்கள் விற்பனை வருடத்துக்குப் பத்து லட்சத்தைச் சுற்றித்தான் வருகிறது. கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சரக்கு வண்டியைக் கடையாக மாற்றினால் ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். செய்யாவிட்டால் விபத்து நடந்த அன்று கிளெய்ம் நிற்காது. பின்கட்டு கட்டித் தருபவர் 'அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க' என்பார். பணம் போவது உங்களுக்கு, அவருக்கல்ல.

நான் போட்ட கிளாஸ் எண்ணிக்கை ஊகம்தான். வண்டி வாங்குவதற்கு முன் நீங்கள் நிறுத்த நினைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜூஸ் கடை முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து எத்தனை கிளாஸ் போகிறது என்று எண்ணுங்கள். பேருந்து நிலையம், கல்லூரி வாசல், ஆஸ்பத்திரி மூன்றுக்கும் எண்ணிக்கை வேறு வேறாக இருக்கும். என் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் எண்ணை வைத்து மறுபடி கூட்டிப் பாருங்கள்.

கணவர் வேலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போது விடக்கூடாது. மாதம் 19,000 சம்பளம் என்பதால் மில்லில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) இருக்கும். பிள்ளைகள் உட்பட வீட்டுக்கே மருத்துவம் அதில் நடக்கிறது, பிஎஃப் வேறு சேர்கிறது. லீவு நாளில் மண்டிக்கு அவர் போகட்டும், அது போதும். முதல் மழைக்காலத்தை வண்டி தாண்டட்டும். தை பிறந்ததும் நோட்டை எடுத்து வைத்து, தனிக் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இதே கேள்வியை எனக்கு எழுதுங்கள்.