தொண்டைத் தொற்றால் ஓ.சி.டி. வருமா?

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. ஒரு வருடமாகச் சுத்தம், சுத்தம் என்று இருந்தவன் இப்போது குளியலறைக்குள் போனால் ஒரு மணி நேரம் வெளியே வருவதில்லை. கைத்தோல் வெடித்துவிட்டது. படுத்த பிறகும் “கதவைப் பூட்டிட்டியாம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். மனநல மருத்துவர் ஓ.சி.டி. (வேண்டாத எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வரும் மனநலப் பிரச்சினை) என்று சொல்லி மாத்திரை எழுதினார். என் தம்பியோ, ‘இது தொண்டைத் தொற்றுக்குப் பிறகு நோய் எதிர்ப்புச் சக்தி மூளையைத் தாக்குவதால் வருவது, ஆண்டிபயாடிக் போதும்’ என்கிறான். தொண்டைத் தொற்றுக் கிருமிக்கு எதிராக ரத்தத்தில் உண்டாகும் ஏ.எஸ்.ஓ. அளவும் அதிகம். மாத்திரை கொடுக்கப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும் டாக்டர்?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: உங்கள் தம்பி கட்டுக்கதை சொல்லவில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டைக்கு வந்தால் உடம்பு அதற்கு எதிராக ஆண்டிபாடிகள் என்னும் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கும். சில குழந்தைகளுக்கு அவை மூளைக்குள் அசைவுகளையும் பழக்கங்களையும் ஒழுங்குபடுத்தும் பேசல் காங்லியாவையும் தாக்குவதாகக் கருதப்படுகிறது. ஸ்ட்ரெப் தொற்றுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலோடு சேர்ந்து, கைகால்கள் தாமாகத் துள்ளும் சிடன்ஹாம் கொரியா அப்படி வருவதுதான். அந்தக் குழந்தைகளிடம் ஓ.சி.டி. அறிகுறிகளும் இருப்பதை அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் டாக்டர் சூசன் ஸ்வீடோ கவனித்தார். ஸ்ட்ரெப் தொற்றோடு ஓ.சி.டி.யோ டிக் என்னும் வெட்டியிழுப்போ திடீரென வந்த 50 குழந்தைகளைப் பற்றி அவரது குழு 1998-ல் எழுதியது. அந்த நிலைக்குப் பெயர் ‘பாண்டாஸ்’.

டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். ஸ்ட்ரெப் உறுதியானவர்களுக்கு ஓ.சி.டி. வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் வேறு தொண்டைத் தொற்று வந்தவர்களுக்கும் ஓரளவு கூடியிருந்தது. அதனால் எல்லாப் பழியையும் அந்த ஒரு கிருமி மேல் போட முடியாது.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். பாண்டாஸில் நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை ஓரிரு நாளில் ஆளே மாறிப்போகும். ‘இந்தத் தேதியிலிருந்து’ என்று பெற்றோர் சொல்ல முடியும். உங்கள் மகனுக்கோ ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கிறது. ஏ.எஸ்.ஓ. அதிகமென்றால் முன்பு தொற்று வந்துபோனது என்றுதான் அர்த்தம்; பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அது சாதாரணம். அந்த ஒரு எண்ணை நம்பி மாதக்கணக்கில் ஆண்டிபயாடிக் கொடுக்காதீர்கள். இம்யூனோகுளோபுலின் (தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்த ஆண்டிபாடிகள்) மருந்து ஏற்றச் சொன்னால் நகையை அடகு வைக்கவும் கிளம்பாதீர்கள். பாண்டாஸ் குழந்தைகளிடமே 2016-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் அது போலி மருந்தைவிடத் தெளிவாக மேலென்று நிரூபணமாகவில்லை.

மாத்திரை பயம் எனக்குப் புரிகிறது. இந்த மாத்திரைகள் மூளையில் செய்தி கடத்தும் ரசாயனமான செரட்டோனின் வேலை செய்யும் விதத்தை மாற்றுகின்றன. செரட்டோனின் குறைந்ததால்தான் ஓ.சி.டி. வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. குளூட்டமேட் என்ற ரசாயனத்தையும் ஆராய்கிறார்கள். ஆனாலும் மாத்திரை பலன் தருகிறது. இவற்றில் ஒன்றான செர்ட்ராலினை 6 வயது முதலே ஓ.சி.டி.க்கு அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். முதல் சில வாரங்களில் பையன் பரபரப்பாக இருந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கூடவே நடத்தை சிகிச்சையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பயத்தை எதிர்கொண்டு, கழுவாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று 1992-ல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. மாத்திரையால் குணமானவர்களுக்கும் இந்தப் பயிற்சியால் குணமானவர்களுக்கும் பேசல் காங்லியாவின் ஒரு பகுதியான காடேட்டில் ஒரே மாதிரி செயல்பாடு தணிந்திருந்தது. பேச்சும் பழக்கமும் மூளையையே மாற்றுகின்றன, அம்மா! கதவு பூட்டியாச்சா என்ற கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்வது என்பதையும் பையனை உட்காரவைத்து சிகிச்சையாளரோடு பேசி முடிவு செய்யுங்கள். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. உங்கள் வளர்ப்பிலும் தப்பில்லை.

இனி எப்போதாவது காய்ச்சலோ தொண்டைவலியோ வந்த கையோடு அறிகுறிகள் ஒரேயடியாக ஏறினாலோ, கையெழுத்து கெட்டுப்போனாலோ, அடிக்கடி சிறுநீர் போனாலோ, கண், கழுத்து வெட்டியிழுத்தாலோ அப்போது குழந்தை நல மருத்துவரிடம் போய்த் தொண்டைச் சளியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கிருமி இருந்தால் அதற்கு ஆண்டிபயாடிக்கை முழுசாகக் கொடுங்கள். ஓ.சி.டி. மாத்திரையும் பயிற்சியும் அப்போதும் நிற்கக் கூடாது.