புது கேம் கன்சோல் வாங்கினால் கேம் நமக்குச் சொந்தமா? சிங்கப்பூரில் எதைப் பார்த்து வாங்குவது?

மகன் கன்சோல் கேட்கிறான், டிஸ்க் இல்லாத மாடல் விலை குறைவு என்று கடையில் சொன்னார்கள், ஆனால் அதில் வாங்கும் கேம் எதுவும் நமக்குச் சொந்தமில்லை என்று நண்பர் பயமுறுத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பர் சொல்வது சரிதான். ஆனால் அவர் இன்டர்நெட் போனால் கேம் போச்சு என்று பயப்படுகிறார். ஃபைபர் இல்லாத வீவக (அரசு அடுக்குமாடி) வீடே அபூர்வமாகிவிட்ட ஊரில் அது பெரிய தலைவலி இல்லை. நமக்குக் கை கடிப்பது வேறு இடத்தில்.

முதலில் பெட்டி, அதாவது கன்சோல். அது உங்களுடையதுதான். பழுதான பொருளுக்கான சட்டம் இங்கே 2012 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. வாங்கி 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். வில்லங்கமெல்லாம் கேமில். ஆன்லைன் கடையில் காசு கட்டி இறக்கும் கேம் என்பது உங்கள் கணக்குக்குக் கொடுக்கப்படும் ஆடும் அனுமதி, அவ்வளவுதான். விற்க முடியாது, பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு வாரம் கொடுத்து வாங்க முடியாது, உயிலில் எழுதி வைக்கவும் முடியாது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, டிஜிட்டல் கடைகள் இதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் கடை அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. இத்தனை வருடமும் அப்படித்தான் இருந்தது, இப்போது எழுதிக் காட்டுகிறார்கள்.

இனி நம் ஊர்க் கணக்கு. இங்கே டிஸ்க் வாங்கி ஆடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது கேமை 80, 90 வெள்ளி கொடுத்து வந்த வாரமே வாங்குவது, சுடச்சுட ஆடி முடிப்பது, விலை இறங்குவதற்குள் கரோசெல் என்ற பழைய பொருள் விற்கும் செயலியில் போட்டுவிடுவது. எம்ஆர்டி நிலையத்தில் இந்த வியாபாரத்தைப் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவர் கேட்டுக்கு உள்ளேயே நிற்பார், வெளியே வந்தால் மறுபடி கார்டு தட்ட வேண்டுமே. தடுப்புக்கு மேலே டிஸ்க் உறை கைமாறும். அவர் அதைத் திறந்து, டிஸ்கை விளிம்பில் பிடித்துத் தூக்கி, விளக்குப் பக்கம் சாய்த்துக் கீறல் பார்ப்பார். பேநவ்வில் பணம் வந்துவிட்டதா என்று நீங்கள் போனைப் பார்ப்பீர்கள். ஒரு வார்த்தை கூடப் பேசாமல் இருவரும் அவரவர் வழியில் போய்விடலாம். 90க்கு வாங்கியது 60க்குப் போனால் அந்த கேமுக்கு உண்மையில் ஆன செலவு 30 வெள்ளி. அந்த 60 அடுத்த கேமுக்கு முதல். பாக்கெட் மணியில் ஆடிய ஒரு தலைமுறையே இப்படித்தான் வளர்ந்தது, நானும் அதில் ஒருவன்.

டிஸ்க் இல்லாத பெட்டியில் இந்தச் சக்கரம் நின்றுவிடும். 90 கொடுத்தால் 90ம் போனதுதான். டிஸ்க் இல்லாத மாடலின் விலைக்குறைவை இதோடு சேர்த்துப் பாருங்கள். வருடத்துக்கு நாலைந்து புது கேம் வாங்கும் வீடென்றால் மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று என்றே தெரியாது. மாறாக, மகன் ஒரே கால்பந்து கேமை வருடம் முழுக்க ஆடுகிறவன், மற்றதெல்லாம் இலவச கேம் என்றால், டிஸ்க் இல்லாததே போதும். ஒரு வருடம் பொறுத்தால் டிஜிட்டல் கடையிலும் பாதி விலைக்குத் தள்ளுபடி வரும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

உரிமை பற்றிய இந்தச் சண்டை புதிதல்ல. 2013 ஜூன் 6 அன்று மைக்ரோசாப்ட், அப்போது வரவிருந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுக்கான விதிகளை வெளியிட்டது. பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இன்டர்நெட்டில் தலையைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கேம் ஓடாது. டிஸ்கில் வாங்கினாலும் கேம் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். நண்பருக்குக் கொடுக்கலாம், ஆனால் அவர் உங்கள் பட்டியலில் 30 நாளாவது இருந்திருக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறைதான். பழைய டிஸ்க் விற்பதா வேண்டாமா என்பது கேம் நிறுவனத்தின் விருப்பம். நாலு நாள் கழித்து சோனி மேடையேறி, எங்கள் பெட்டியில் இதெல்லாம் கிடையாது என்றது. கைத்தட்டல் அடங்கவில்லை. இணையத்தில் ஒரு குட்டி வீடியோவும் போட்டார்கள். பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4) கேமை நண்பரோடு பகிர்வது எப்படி என்று தலைப்பு, ஒருவர் டிஸ்கை இன்னொருவர் கையில் கொடுக்கிறார், முடிந்தது. அரை நிமிடம் கூட ஓடாது. ஜூன் 19 அன்று மைக்ரோசாப்ட் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதில் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு மறந்துபோன ஒன்று உண்டு. அந்தப் பெட்டி 21 நாடுகளில் மட்டுமே வேலை செய்யும் என்று முதலில் சொல்லியிருந்தார்கள், அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வாங்குவது இங்கே சகஜம். அந்த விதி நின்றிருந்தால் அப்படி வாங்கியவர்கள் அலமாரியில் வைத்து அழகு பார்த்திருக்க வேண்டியதுதான். விதி போன பிறகும், முறைப்படி இங்கே கடைக்கு வர 2014 செப்டம்பர் ஆயிற்று.

அன்றைக்குக் கத்தி ஜெயித்தோம். பிறகு நடந்ததுதான் எனக்கு வருத்தம். அதே கட்டுப்பாடு யாரும் கட்டாயப்படுத்தாமலே உள்ளே வந்தது. சோபாவை விட்டு எழுந்து டிஸ்க் மாற்றச் சோம்பல், இரவு 12 மணிக்கே கேம் திறந்துவிடும் ஆசை, தள்ளுபடி. மேடையில் அன்று கைத்தட்டு வாங்கிய அதே சோனியின் பிஎஸ்5 ப்ரோ 2024 நவம்பரில் டிஸ்க் டிரைவ் இல்லாமல்தான் வந்தது. வேண்டுமென்றால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஆனால் முதல் முறை மாட்டும்போது இன்டர்நெட்டில் பதிவு செய்தால்தான் அது வேலை செய்யும். 2013இல் இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால் அரங்கமே எழுந்து கத்தியிருக்கும்.

டிஸ்க் இருந்தாலும் முழு கேமும் அதில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் கேமின் பிஎஸ்5 டிஸ்கில் இருந்தது 85 எம்பி மட்டும், மிச்சமெல்லாம் இன்டர்நெட்டில் இறக்க வேண்டியது. கோபப்பட வேண்டிய விஷயந்தான். ஆனாலும் அந்த டிஸ்கை விற்கலாம், கடன் கொடுக்கலாம், ஏனென்றால் அது சாவி மாதிரி, யார் கையில் இருக்கிறதோ அவர் ஆடலாம்.

நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலில் இதையே வெளிப்படையாகச் செய்திருக்கிறார்கள். கேம்-கீ கார்டு என்று ஒரு வகை. கார்டுக்குள் கேம் கிடையாது. முதல் முறை இன்டர்நெட்டில் இறக்கிக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகும் ஆடும்போதெல்லாம் கார்டு உள்ளே இருக்க வேண்டும். ஆன்லைனில் இதைத் திட்டாதவர்கள் இல்லை. எனக்கு அவ்வளவு கோபமில்லை. பெட்டிக்குள் ஒரு காகிதமும் அதில் இறக்கும் குறியீடும் வைத்து விற்கிறார்களே, அதற்கு இது எவ்வளவோ மேல், கார்டை விற்கவாவது முடியும். என்றாவது ஒரு நாள் நின்டெண்டோ அந்த சர்வரை மூடினால்தான் கார்டு வெறும் பிளாஸ்டிக். தங்கள் பழைய பெட்டிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டின் ஆன்லைன் கடைகளை 2023 மார்ச்சில் மூடினார்கள் என்பதால் அது வீண் பயமும் இல்லை. கடையில் கேம் உறையின் முன்பக்கம் கீழே பாருங்கள், சாவிப் படத்தோடு ஒரு பட்டை இருந்தால் அது அந்த வகை. சைபர்பங்க் 2077 போன்றவை முழு கேமையும் கார்டிலேயே வைத்து வந்திருக்கின்றன, ஆகவே முடியாத காரியம் ஒன்றுமில்லை.

ஸ்விட்ச் 2 என்றதும் ஜப்பான் நினைவுக்கு வருகிறது. பள்ளி விடுமுறைக்கு ஒசாகா போன என் மச்சான் கடை வாசலிலிருந்தே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். 49,980 யென், இங்கே விற்கிற விலையைப் பார்த்தால் கொள்ளை மலிவு, இரண்டாக வாங்கிவிடவா என்று. வேண்டாம் மச்சான், பெட்டியைக் கீழே வையுங்கள் என்றேன். அந்த விலைக்கு விற்றது ஜப்பானில் இருப்பவர்களுக்கான பதிப்பு. மெனு ஜப்பானிய மொழியில் மட்டும், ஜப்பான் என்று நாடு போட்ட கணக்கு மட்டுமே அதில் இணையும். எல்லா மொழியும் வருகிற பதிப்பு 2025இல் அங்கேயே 69,980 யென். அவர் கடைசியில் கிட்கேட் வாங்கி வந்தார்.

பழைய ஸ்விட்ச் 2 வாங்க நினைத்தால் இன்னொரு கண்ணி. திருட்டு கேம் ஓட்டும் கார்டு போட்ட பெட்டிகளை 2025 ஜூனிலிருந்து நின்டெண்டோ ஆன்லைன் சேவையிலிருந்து தடுக்க ஆரம்பித்தது. தடை பெட்டியின் மேல் விழுகிறது, ஆகவே விற்றவர் தப்பித்துவிடுவார், வாங்கியவர் மாட்டிக்கொள்வார். அதற்கு முந்திய மாதம் அமெரிக்காவுக்கான பயனர் ஒப்பந்தத்தில், விதியை மீறினால் பெட்டியையே நிரந்தரமாகப் பயனற்றதாக ஆக்கலாம் என்றும் எழுதிக்கொண்டார்கள். திருட்டு கேமுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளை தூரத்திலிருந்து ஒருவர் அணைத்துவிடலாம் என்றால் முதலில் சொன்ன ‘பெட்டி உங்களுடையது’ என்பதும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஆகவே புளோக் கீழ்த்தளத்தில் வைத்து வாங்கும்போது உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஆன்லைன் கடை திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பேநவ் செய்யுங்கள். பழுதான பொருளுக்கான சட்டம் கடைகளுக்குத்தான், தனி ஆள் விற்பதற்குப் பொருந்தாது.

எந்தப் பெட்டி வாங்கினாலும் தப்பிக்க முடியாத ஒன்று, எப்போதும் ஆன்லைனில் இருந்தால்தான் ஓடும் கேம்கள். யூபிசாப்டின் தி க்ரூ 2014இல் வந்தது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடினார்கள், டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அத்தோடு முடிந்தது. அதிலிருந்து கிளம்பியதுதான் கேம்களைக் கொல்லாதே என்ற இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் கொடுத்த மனுவில் ஒரு மில்லியனுக்கு மேல் கையெழுத்து. அங்கே சட்டம் வந்தால் அதன் நிழல் நமக்கும் விழும், ஏனென்றால் சிங்கப்பூருக்கென்று யாரும் தனியாக கேம் எழுதுவதில்லை. சோனியின் கான்கார்ட் 2024இல் இரண்டு வாரத்தில் மூடப்பட்டபோது எல்லோருக்கும் பணம் திரும்பி வந்தது. மனசிருந்தால் செய்யலாம் என்பதற்குச் சொல்கிறேன்.

சரி, எதை வாங்குவது? உங்கள் மகன் கதை கேம்கள் ஆடுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். முடித்துவிட்டால் மறுபடி தொடாத வகை அது, விற்றுவிடுவதற்கென்றே பிறந்தது. டிஸ்க் டிரைவோடு வரும் சாதாரண பிஎஸ்5 வாங்குங்கள். ப்ரோ தேவையில்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் வழியே கிடையாது, சீரிஸ் எக்ஸ்ஸில் டிரைவ் உள்ளதும் இல்லாததும் இரண்டும் வந்திருக்கின்றன, தவிர எக்ஸ்பாக்ஸ் டிஸ்குக்கு இங்கே கைமாற்றுச் சந்தை மெலிவு. பழைய பிஎஸ்5 கிடைத்தால் ஒன்று மட்டும் பாருங்கள். 2020இல் வந்த முதல் டிஜிட்டல் மாடலில் டிரைவை அப்புறமாகக் கூட மாட்ட முடியாது. 2023இல் வந்த ஒல்லி மாடலிலிருந்துதான் அந்த வசதி.

கணக்கை உங்கள் பெயரில் திறந்து, மகனுக்கு அதன் கீழே குடும்பக் கணக்கு கொடுங்கள். டிஜிட்டலில் ஏதாவது வாங்கினால் உங்கள் கணக்கில் வாங்கினால் போதும், அதே பெட்டியில் அவனும் ஆடலாம், தங்கையும் ஆடலாம். நாடு கேட்கும் இடத்தில் சிங்கப்பூர் என்றே போடுங்கள். அமெரிக்காவில் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பிறகு மாற்ற வழியில்லை. டிஸ்கும் ஆசியப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், அமெரிக்க டிஸ்குக்குக் கூடுதல் பாகம் வாங்க நம் கணக்கு ஒத்துவராது.