அலிவால் ஷோல்: நீரோட்டமும் படகும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே, உம்கோமாஸ் கரையிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தள்ளிக் கடலுக்குள் கிடக்கும் பாறைத்திட்டு அலிவால் ஷோல். அங்கே ஸ்கூபா முக்குளிப்புக்குப் போகவிருக்கும் நம்மவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

சாட்ஸ்வொர்த் மாணவர்: அண்ணா, அங்கே நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அம்மா தடுக்கிறார். உண்மையா?

இழுக்கும், தம்பி. அகுல்லாஸ் நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டித் தென்மேற்காக ஓடுகிறது. வெளிக்கடலில் அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தொடும். ஷோலில் பெரும்பாலான நாள்களில் அவ்வளவு இருக்காது. ஆனால் நொடிக்கு அரை மீட்டர் ஓடினாலே, தேர்ந்தவராலும் எதிர்நீச்சல் போட்டு நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. மூச்சு வாங்கும், சிலிண்டரில் காற்று மளமளவென்று இறங்கும், பதற்றம் தொற்றிக்கொள்ளும். ஆகவே எதிர்க்கவே கூடாது. நீரோட்டத்தோடு போக வேண்டும். வழிகாட்டியின் கையில் ஒரு கயிற்றுச் சுருள், அதன் மறுமுனையில் மேலே ஒரு மிதவை. படகோட்டியான ஸ்கிப்பர் அந்த மிதவையின் பின்னாலேயே படகை ஓட்டி வருவார். படகைத் தேடி நீங்கள் நீந்த வேண்டாம், படகுதான் உங்களிடம் வரும். அம்மாவிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ் வாசகி: குழுவைத் தவறவிட்டால்?

ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். யாரும் தென்படாவிட்டால் மேலே வாருங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நில்லுங்கள். மேலே வந்ததும் மிதவை அங்கியில் காற்றை நிரப்பிவிட்டு, ஆரஞ்சு நிறக் குழாய் மிதவையை ஊதி நிமிர்த்திப் பிடியுங்கள். அலையடிக்கும் கடலில் கறுப்பு உடையணிந்த ஒரு தலை நூறு மீட்டர் தூரத்திலேயே கண்ணுக்குத் தப்பிவிடும். அந்தக் குழாயும் ஒரு விசிலும் இல்லாமல் யாரும் படகில் ஏறக் கூடாது என்பது என் பிடிவாதம்.

டொங்காட் அன்பர்: ஐயா, ஆற்றுமுகத்தில் படகு அலையைத் தாண்டுவதைப் பார்த்தாலே நடுங்குகிறது.

பார்ப்பதற்குத்தான் அப்படி. ரப்பர் படகின் பக்கவாட்டு உருளையில் அமர்ந்து, தரையிலுள்ள பட்டைக்குள் பாதங்களைச் செருகி, கயிற்றை இறுக்கிப் பிடியுங்கள். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டு. ஸ்கிப்பர் எஞ்சினைத் தணித்து அலைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய அலைகள் வரிசையாக உடைந்து ஓய்ந்ததும் ஓர் இடைவெளி கிடைக்கும். அப்போதுதான் முடுக்குவார். அந்த நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். "இன்று கடல் சரியில்லை" என்று அவர் படகைத் திருப்பினால் முணுமுணுக்காமல் நன்றி சொல்லுங்கள். திரும்பி வரும்போது மணலில் வேகமாக ஏறி நிறுத்துவார். அப்போதும் பிடியை விடாதீர்கள்.

ஐசிபிங்கோ இளைஞர்: சுறாக்கள் கடிக்குமா?

ஏறத்தாழ ஜூன் முதல் நவம்பர் வரை கந்தல்பல் சுறாக்கள் 'கதீட்ரல்' குகைப் பக்கம் கூடும். சாதுவானவை. வாசலை மறிக்காதீர்கள், துரத்தாதீர்கள்.

அதே இளைஞர்: புதிதாகச் சான்றிதழ் வாங்கியவன் புரோட்டியா பேங்க்ஸ் பாறைத்திட்டுக்குப் போகலாமா?

வேண்டாம். முதல்நிலைச் சான்றிதழின் எல்லை 18 மீட்டர். அங்கே பாறையின் உச்சியே அதைவிட ஆழம், நீரோட்டமும் கடுமை.

ஜோகன்னஸ்பர்க் குடும்பத்தலைவி: ஞாயிறு காலை இருமுறை முக்குளித்துவிட்டு மதியமே காரில் கிளம்பலாமா?

கூடாது, அக்கா. பலரும் விமானத்தை மட்டும்தான் நினைக்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க் போகும் வழியிலுள்ள வான் ரீனன் கணவாயிலேயே சாலை 1,600 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. காற்றழுத்தம் குறையும்போது உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாகித் தொல்லை தரும். பலமுறை முக்குளித்தவர்கள் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. மலைச்சாலைக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை முக்குளித்துவிட்டு, ஞாயிறு பிற்பகல் புறப்படுங்கள். வழியில் மூட்டுவலியோ மரத்துப்போதலோ தெரிந்தால் காரை நிறுத்தி 112-ஐ அழைத்து, முக்குளித்து வந்தவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.