பழைய சம்பளமும் திருத்திய பே ஸ்லிப்பும்

கேள்வி: சேலத்தில் ஒரு கம்பெனியில் மாதம் 27,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் ஓர் ஐடி நிறுவனத்தில் இன்டர்வியூ. தலைமையகம் நியூயார்க். பழைய சம்பளத்தைக் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னால் அதற்கு மேல் கொஞ்சம்தான் ஏற்றுவார்கள் என்று 39,000 என்றேன். பே ஸ்லிப் கேட்டபோது நண்பர் பிடிஎஃப்பில் திருத்திக் கொடுத்தார். 45,000க்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது வெரிஃபிகேஷனில் முரண்பாடு இருப்பதாகச் சொல்லி 48 மணி நேரத்தில் விளக்கம் கேட்கிறார்கள். என்னோடு சேர்ந்த பெங்களூர்க்காரருக்கு இதே வேலைக்கு 60,000. நியூயார்க்கில் பழைய சம்பளம் கேட்பதே சட்டவிரோதமாமே, அதை வைத்து நோட்டீஸ் அனுப்பலாமா? பழைய முதலாளி, ‘மீதி 12,000ஐ ரொக்கமாகக் கொடுத்தோம்’ என்று கடிதம் தரத் தயாராக இருக்கிறார். வாங்கலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: நோட்டீஸ் வேண்டாம். அந்தக் கடிதத்தை வாங்கவே வாங்காதீர்கள்.

நீங்கள் படித்த சட்டம் உண்மைதான். நியூயார்க் நகரில் 2017 அக்டோபர் 31 முதலும், கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி முதலும், நியூயார்க் மாநிலம் முழுவதும் 2020 ஜனவரி முதலும் வேலைக்கு வருபவரிடம் பழைய சம்பளம் கேட்கத் தடை இருக்கிறது. ஆனால் அது அந்தந்த ஊர் வேலைகளுக்கான சட்டம். தலைமையகம் அங்கே இருப்பதால் சேலத்து நியமனத்துக்கு வந்து ஒட்டாது. இந்தியாவில் அப்படிக் கேட்பதைத் தடுக்கும் சட்டமே இல்லை. அங்கேயும் கேட்பதற்குத்தான் தடை, திருத்திய தாளைக் கொடுக்க யாருக்கும் உரிமை தரவில்லை.

பெங்களூர்க்காரர் விஷயத்தை விடுங்கள். ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்று ஊதியங்கள் சட்டத்தொகுப்பு, 2019 சொல்வது பாலின பேதத்துக்கு மட்டும். தனியார் கம்பெனியில் பேரம் பேசி ஒருவர் கூட வாங்கினால் கேட்க முடியாது.

உங்கள் வழக்கில் சட்டம் பார்க்கும் இடம் ஒன்றுதான்: வாயால் சொன்னீர்களா, தாளாகக் கொடுத்தீர்களா? 39,000 என்று சொன்னதோடு நின்றிருந்தால் ‘இன்சென்டிவ், போனஸ் எல்லாம் சேர்த்துச் சொன்னேன்’ என்று வாதாடலாம். போனால் வேலையோடு போகும். திருத்திய பே ஸ்லிப் வேறு சங்கதி. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 336(3)ஆம் பிரிவு, ஏமாற்றும் நோக்கத்தோடு செய்யும் போலி ஆவணத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. போலி என்று தெரிந்து பயன்படுத்தியவருக்கும் 340(2)இன்படி அதே தண்டனை. ‘நண்பர்தான் திருத்தினார்’ என்பது உங்களைக் காப்பாற்றாது, அவரையும் உள்ளே இழுக்கும்.

‘கண்டுபிடித்ததை நிரூபிக்கட்டும்’ என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய ஸ்லிப்பில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 19,500 ஆகியிருக்கிறது, பிஎஃப் பிடித்தம் மட்டும் பழைய 1,620ஆகவே நிற்கிறது. 1,620 என்பது 13,500க்கு 12 சதவீதம். 19,500க்கு முழுதாகப் பிடித்தால் 2,340, உச்சவரம்பான 15,000க்குப் பிடித்தால் 1,800. 1,620 எந்தக் கணக்கிலும் வராது. வங்கி ஸ்டேட்மென்ட்டும் யூஏஎன் (உங்கள் பிஎஃப் கணக்கு எண்) பாஸ்புக்கும் மீதியைச் சொல்லிவிடும்.

இதில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பொய்யால் மாட்டுவதில்லை, அதை மூட வாங்கும் இரண்டாவது தாளால்தான் மாட்டுகிறார்கள். ரொக்கமாகக் கொடுத்தோம் என்று எழுதினால் பழைய முதலாளி தன் பிஎஃப், வருமான வரிக் கணக்கு தப்பு என்று தானே எழுதிக் கொடுத்ததாகும். விசாரணை என்று யாராவது போன் செய்தால் அன்றே பின்வாங்குவார். அப்போது உங்கள் கையில் இரண்டு பொய் ஆவணங்கள் இருக்கும்.

நோட்டீஸிலும் இதே ஆபத்து. கம்பெனிகள் பொதுவாக இதற்காகப் போலீஸுக்குப் போவதில்லை. ஆளை அனுப்பினால் போதும் என்பார்கள். நோட்டீஸ் போனால் விஷயம் எச்ஆர் கையை விட்டு அவர்கள் வக்கீல் கைக்குப் போகும். அவருக்குச் சுலபமான பதில், மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் ஒரு புகார். வேலைநீக்கத்தை எதிர்க்கவும் உங்களிடம் பிடி இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 41ஆம் பிரிவின் பாதுகாப்பு ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குத்தான்.

எனவே சமரசம்தான். கெடு முடிவதற்குள் இரண்டு வரி மெயில் போடுங்கள்: நேரில் பேச விரும்புகிறேன், நேரம் கொடுங்கள். அதில் மறுக்கவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். எழுதிக் கொடுத்த மன்னிப்பு பின்னால் ஒப்புதலாக வந்து நிற்கும். நேரில் ராஜினாமாவை நீங்களே முன்வையுங்கள். பதிலுக்குக் கேட்க வேண்டியது: வேலை பார்த்த நாள்வரை சம்பளம் (விலகினால் இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும்), ‘சொந்த விருப்பத்தில் விலகினார்’ என்ற ரிலீவிங் லெட்டர், இனி எந்த நடவடிக்கையும் இல்லை என்று எழுத்தில் ஒரு வரி.

பயிற்சிச் செலவு என்று பாண்டை (குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தம்) நீட்டினால் ‘பாண்ட் செல்லாது’ என்று வாதாடாதீர்கள். விஜயா வங்கி வழக்கில் 2025இல் உச்ச நீதிமன்றம் இரண்டு லட்ச ரூபாய் பாண்டைச் செல்லும் என்றே சொன்னது. தொகையைக் குறைக்கப் பேசுங்கள், கடைசி மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த ரெஸ்யூமில் இந்த மூன்று மாதத்தை மறைக்க வேண்டாம், யூஏஎன்னில் பதிவாகியிருக்கும். பழைய சம்பளம் கேட்டால், ‘இந்த வேலைக்கு நான் எதிர்பார்ப்பது இவ்வளவு’ என்று மட்டும் சொல்லுங்கள். சொல்லியே ஆக வேண்டும் என்றும் சட்டம் இல்லை.