வாசகர் கேள்வி: மூப்பர் (திருச்சபைத் தலைவர்) ஆவதற்கு என்ன தகுதி?

கேள்வி: ஆதித் திருச்சபையில் தலைவர்களை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்? படிப்பையா, பேச்சுத் திறமையையா?

பதில்: பைபிளில் பவுலின் கடிதங்களான 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தையும் தீத்து முதல் அதிகாரத்தையும் எடுத்துப் பாருங்கள். போதிக்கத் தெரிய வேண்டும், சரிதான், ஆனால் மீதி பெரும்பாலும் நடத்தைதான்: குடிவெறி கூடாது, பண ஆசை கூடாது, அடிதடி கூடாது, வந்தவர்களை உபசரிக்க வேண்டும். இந்த உபசரிப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அன்று தனிக் கட்டடம் ஏது, விசுவாசிகள் வீடுகளில்தான் கூடினார்கள், ஊர் ஊராகப் போன ஊழியர்களும் அங்கேயே தங்கினார்கள், அதனால் ஒருவர் குடும்பத்தை எப்படி நடத்துகிறார் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவருக்கு உடனே பொறுப்பு கொடுத்தால் தலைக்கனம் வந்துவிடும் என்கிறார் பவுல். சபைக்கு வெளியே இருப்பவர்களும் தலைவராகிறவரை நல்லவர் என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை அதுதான்.

அப்புறம், பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை விட்டுவிடாதீர்கள். எருசலேமில் கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தபோது, அந்தப் பங்கீட்டு வேலைக்கு நற்சாட்சி பெற்ற 7 பேரைச் சபையாரே தெரிந்தெடுத்தார்கள், அப்போஸ்தலர்கள் ஜெபம் செய்து, அவர்கள்மேல் கை வைத்துப் பொறுப்பு கொடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு என்று ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிலிருந்தே ஆட்களை எடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.