வீட்டில் எங்கே போனாலும் நாய் பின்னாலேயே வருகிறதே, ஏன்?

கேள்வி கேட்டவரின் நாய் சமையலறை, மாடி, பாத்ரூம் வாசல் என்று விடாமல் கூடவே வருகிறதாம். இது பாசமா, பயமா, இல்லை ஏதாவது நோயா என்று கேட்டிருக்கிறார். நான் கால்நடை மருத்துவர் இல்லை. பதினொரு வருடமாகக் காலடியில் ஒரு நாய் கிடக்க, அதை மிதிக்காமல் நடக்கப் பழகியவன். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு நாய் பெயர் சுருளி. வால் சுருண்ட நாட்டு நாய், பெண். திருச்சியில் எங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குக் கீழே மழையில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டி. "மழை விடுறவரைக்கும் திண்ணையில கெடக்கட்டும்" என்றார் அப்பா. மழை மறுநாள் காலையிலேயே விட்டுவிட்டது.

முதல் வாரத்திலிருந்தே அம்மா பின்னால்தான் சுற்றுவாள். கொல்லையில் துணி காயப்போட்டால் கொடிக்குக் கீழே படுப்பாள். சாமி ரூமுக்குள் அனுமதி இல்லை என்பதால் நிலைப்படிக்கு வெளியே மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு காத்திருப்பாள். எல்லாம் சோற்றுக்காகத்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். பிஸ்கட் டப்பா மூடி திறக்கிற சத்தத்துக்கு மொட்டை மாடியிலிருந்து பாய்ந்து வருகிறவளைப் பற்றி வேறென்ன நினைப்பது?

என் எண்ணத்தை மாற்றியது அம்மாவின் கொண்டை. அம்மா வீட்டுக்குள் எத்தனை முறை எழுந்து நடந்தாலும் சுருளி சாவகாசமாகத்தான் பின்னால் போவாள். கடைக்குக் கிளம்பும் நாளில் மட்டும், அம்மா ஆணியில் மாட்டிய பையைத் தொடுவதற்கு முன்பே வாசல் கதவருகே போய் நின்றுவிடுவாள். எப்படித் தெரிகிறது என்று சில நாள் உட்கார்ந்து கவனித்தேன். வெளியே கிளம்புமுன் அம்மா கொண்டையை அவிழ்த்து ஒருமுறை இறுக்கி முடிகிறார். இது அம்மாவுக்கே தெரியாது. முப்பது வருடம் கூட இருந்த அப்பாவுக்கும் தெரியாது.

வீட்டுக்குள் வாழும் நாயின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தெருநாய் தன் நாளைத் தானே நடத்திக்கொள்கிறது. எந்தக் கறிக்கடை எப்போது திறக்கும், எந்த வீட்டில் மீந்த சோறு விழும் என்பதெல்லாம் அதன் கணக்கு. வீட்டு நாயால் கதவைத் திறக்க முடியாது, ஃபிரிட்ஜைத் திறக்க முடியாது. சோறு, நடை, விருந்தாளி, குளியல் என்று அதன் வாழ்க்கையில் நடக்கும் அத்தனையும் நாம் எழுந்து நடந்த பிறகுதான் நடக்கின்றன. அப்படியிருக்க அது நம்மைவிட்டு வேறு எதைப் பார்த்துக்கொண்டிருக்கும்? பின்னால் வருவதில் பாதி, செய்தி சேகரிப்பு. மூடின பாத்ரூம் கதவு அதற்குப் பொறுக்காததும் இதனால்தான். உள்ளே ஏதோ நடக்கிறது, தனக்குத் தெரியவில்லை.

மீதியை நாமே பழக்கிவிடுகிறோம். அம்மா தேங்காய் உடைக்கும்போது எப்போதாவது ஒரு சில்லு கீழே விழும். தினமும் விழாது. ஆனால் எப்போதாவது கிடைப்பதுதான் பழக்கத்தை அழுத்தமாகப் பிடிக்க வைக்கும் என்பது உளவியல்காரர்கள் எலியையும் புறாவையும் வைத்து வெகுகாலம் முன்பே கண்டுபிடித்தது. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். சில்லு விழாத நாளிலும் "என்னடி, வந்துட்டியா" என்று ஒரு வார்த்தை கிடைக்கிறதே, அதுவும் கூலிதான்.

சரி, அப்போ பாசமே கிடையாதா என்றால், இருக்கிறது. நாய்க்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை. கொல்கத்தாவில் ஐசர் (IISER) என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா என்ற ஆய்வாளரின் குழு தெருநாய்களையே பல வருடங்களாக ஆராய்கிறது. 2017இல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், முன்பின் தெரியாத ஒரு ஆளைத் தெருநாய்கள் நம்பத் தொடங்குவதற்குத் தீனியைவிடத் தலையைத் தடவிக்கொடுத்ததே அதிகம் உதவியது. பசித்த நாய்க்கே அப்படி என்றால், வயிறு நிறைந்த வீட்டு நாயைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

எனக்குப் பிடித்தது அதற்கும் பழைய ஒன்று. கைக்குழந்தைக்குத் தாயின்மேல் உள்ள ஒட்டுதலை அளக்க ஒரு சோதனை உண்டு. புது அறையில் தாயும் குழந்தையும் இருப்பார்கள், ஒரு அந்நியர் வருவார், தாய் வெளியே போய்த் திரும்பி வருவார். ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் 51 நாய்களையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் வைத்து இதையே செய்து 1998இல் வெளியிட்டார்கள். சொந்தக்காரர் இருக்கும்வரை நாய் தைரியமாக அறையைச் சுற்றிப் பார்த்தது, விளையாடியது. அவர் போனதும் கதவருகே போய் நின்றது. கொல்லையில் அம்மா நின்றால்தான் சுருளி அணிலைத் துரத்துவாள், நான் நின்றால் துரத்தமாட்டாள். காரணம் இந்த ஆய்வைப் படித்த அன்றுதான் புரிந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

வளர்ப்பு நாயும் சொந்தக்காரரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்ற, பாசப் பிணைப்போடு தொடர்புள்ள ஹார்மோன் கூடுகிறது, மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை என்று 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனத்தைப் பொறுத்தும் மாறும். ஆளோடு சேர்ந்து வேலை செய்யவே வளர்க்கப்பட்ட லாப்ரடார் அதிகமாக ஒட்டும். ராஜபாளையம் வீட்டில் ஒருவரிடம் மட்டும் ஒட்டும் என்பார்கள். நாட்டு நாய் எப்படி என்று கேட்டால், எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று.

எப்போது கவலைப்பட வேண்டும்? கூடவே வருவதைப் பார்த்து அல்ல, கூட வர முடியாதபோது என்ன செய்கிறது என்பதைப் பார்த்து. அக்கா பிரசவத்துக்காக அம்மா இரண்டு மாதம் போயிருந்தார். திரும்பி வந்த பிறகு, அம்மா பக்கத்துக் கடைக்குப் போனால்கூட சுருளி கதவைப் பிறாண்டுவாள், ஊளையிடுவாள், எல்லாம் பழகியவள் வாசலிலேயே சிறுநீர் கழித்துவிடுவாள். இதற்குத் திட்டினால் பயம்தான் கூடும். கிளம்புவதன் அடையாளங்களைக் கிளம்பாமலே காட்டிப் பழக்க வேண்டும், பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று வெளியே போய் வர வேண்டும். அதனால் அம்மாவைத் தினமும் ஐந்தாறு முறை கொண்டையை அவிழ்த்து முடிந்துவிட்டு, பையோடு உட்கார்ந்து சீரியல் பார்க்கச் சொன்னேன். செய்தார். வெளிச்செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்காரச் சொன்னதற்கு மட்டும் நல்ல வசவு கிடைத்தது. சுருளி பழையபடி ஆக ஒன்றரை மாதம் பிடித்தது.

இன்னொன்று, வயதான நாய் திடீரென்று புதிதாக ஒட்ட ஆரம்பித்தால் பாசம் கூடிவிட்டது என்று பூரிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி, காது மந்தம், பார்வைக் குறைவு, முதுமையில் வரும் குழப்பம் என்று எதுவாகவும் இருக்கலாம். போன வருடம் சுருளி அம்மாவின் காலை உரசிக்கொண்டே நடக்கத் தொடங்கினாள். அப்பாவை அடியோடு விட்டுவிட்டாள். அப்பாவுக்கு மனசு விட்டுப்போயிற்று, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இரண்டு கண்ணிலும் புரை என்றார். அம்மாவிடம் மட்டும் ஏன் ஒட்டுகிறாள் என்று கேட்டோம். அவர் அம்மாவின் காலைப் பார்த்தார். கொலுசு.

இப்போது அப்பா காலையிலிருந்து படுக்கப் போகும்வரை இடுப்பில் ஒரு சாவிக்கொத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். அதில் உள்ள சாவிகளில் பாதிக்கு வீட்டில் பூட்டே கிடையாது.