ரத்தக் காட்டேரி நாவல் படிக்கும் பிள்ளையைத் தடுக்க வேண்டுமா?

பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் மகள் காட்டேரி நாவல்களிலேயே மூழ்கிக் கிடக்கிறாள், தடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாடப் புத்தகம் மேசைமேல் திறந்தபடி கிடக்க, அவள் மடியில் வேறொன்று இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தடுக்க வேண்டாம். மேல்நிலை வகுப்புகளுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக விலங்கியல் நடத்தும் நான், அப்படியொரு நாவலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பிறகு வெட்கத்தோடு திருப்பிக் கொடுத்தவள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மலேரியா ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது கடைசி பெஞ்சு மாணவனிடமிருந்து அதைப் பறித்தேன். ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட் 2005இல் வெளியிட்ட 'பீப்ஸ்'. குறை கண்டுபிடிக்கவே அன்றிரவு பிரித்தேன். இரண்டாம் அத்தியாயத்திலேயே கதையை நிறுத்திவிட்டு, நத்தைக்குள் வளர்ந்து பறவையின் வயிற்றைச் சென்றடையும் தட்டைப்புழுவைப் பற்றி எழுதியிருந்தார். வகுப்பில் நான் ஒரே வரியில் கடந்துவிடும் புழு அது.

நியூயார்க்கில் நடக்கும் அந்தக் கதையில் காட்டேரித்தனம் சாபமல்ல, உடலுறவு வழியாகவும் எச்சில் வழியாகவும் பரவும் ஒட்டுண்ணித் தொற்று. தொற்று முற்றியவர் தாம் நேசித்ததையெல்லாம் வெறுத்து, உற்றாரை விட்டு விலகி ஓடுகிறார். சிலுவையைக் கண்டு நடுங்கியவர்கள் ஒரு காலத்தில் பக்தர்களாக இருந்தவர்கள். கண்ணாடி ஆகாமற்போனது தம் முகத்தையே வெறுப்பதால். எல்விஸ் பிரெஸ்லி மீது உயிரையே வைத்திருந்த பெண்ணைப் பிடிக்க, கதைசொல்லி எல்விஸ் நினைவுப் பொருள்களை ஆயுதமாக எடுத்துச் செல்கிறான். ஒன்றுவிட்டு ஓர் அத்தியாயம் மெய்யான ஒட்டுண்ணிகளுக்கு உரியது. எலிக்குப் பூனை வாடையின் மீதுள்ள அச்சத்தையே போக்கிவிடும் டாக்ஸோபிளாஸ்மா வருகிறது. பூனையின் குடலை அடைந்தால்தான் அதன் பாலினப் பெருக்கம் நடக்கும். இந்தியாவிலிருந்து ஒழிந்துவிட்டதாக 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த நரம்புச் சிலந்தி என்னும் கினிப் புழுவும் வருகிறது. காலில் கொப்புளம் உடைந்து தலைநீட்டும் அந்தப் புழுவை, அறுந்துவிடாமல் நாளுக்குச் சில சென்டிமீட்டராகக் குச்சியில் சுற்றி எடுப்பார்கள்.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பையன் கேட்டான்: "டீச்சர், காய்ச்சல்ல ஆள் அசையாமப் படுத்துக் கெடந்தா கடிக்கிற கொசுவுக்கு வசதிதானே? அதனாலதான் மலேரியா இவ்வளவு கடுமையா வருதா?" நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவினேன். சளிக் கிருமி பரவ நோயாளி நடமாட வேண்டும், கொசுவை நம்பியிருக்கும் கிருமிக்கு அந்தக் கட்டாயமில்லை என்று பால் எவால்ட் என்னும் பரிணாம உயிரியலாளர் வாதிட்டிருப்பதை அதன் பிறகே தேடிப் படித்தேன். அதுவரை அந்த வட்டத்தையும் அம்புக்குறிகளையும் எத்தனையோ முறை வரைந்திருந்தும், ஒட்டுண்ணிக்கு இதனால் என்ன லாபம் என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

கதையைப் பாடமாக்குகிறேன் என்று யாரேனும் சண்டைக்கு வரலாம். இறுதிப் பகுதியில் சாகசம் மிகுந்து அறிவியல் தளர்ந்துவிடுவதை நானும் அறிவேன். காட்டேரிக்குக் கிருமியைக் காரணமாக்கியதும் புதிதல்ல. ரிச்சர்ட் மாதிசன் 1954இலேயே 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலில் பாக்டீரியாவைக் கொண்டுவந்துவிட்டார். உடலுறவைப் பற்றிய பேச்சு இருப்பதால் பத்து வயதுப் பிள்ளைக்கு 'பீப்ஸ்' நாவலைத் தர மாட்டேன். பதினாறு வயதுக்குத் தயங்காமல் தருவேன். இனப்பெருக்கப் பாடத்தை 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று தாண்டிப் போகிற நம் ஆசிரியர்களைவிட அந்த நாவல் நேர்மையாகப் பேசுகிறது.

பள்ளி நூலகத்துக்கு அதை வாங்கப் பட்டியல் கொடுத்தேன். 'பேய்க் கதை' என்று சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அதனால் என் சொந்தப் பிரதி ஆய்வக அலமாரியில், நாடாப்புழுவும் உருளைப்புழுவும் மிதக்கும் ஃபார்மலின் புட்டிகளுக்கு நடுவே இருக்கிறது. எடுத்துச் செல்பவர்கள் பின்னட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதிவிட்டுப் போகிறார்கள்.